அல்பிரட்டுக்கு ஒரு வேலி

ரிப்கானின் வயிற்றில் தன் தகப்பனின் முகம் அகலமாக இழுபட்டுக் கிடப்பதைப் பார்த்ததும் றஜிதாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரிப்கானைக் குறை சொல்லவும் வழியில்லை. வயிறு அவனுடையது, ரீசேட்டும் அவன் செலவில் அடித்தது. "மண்ணின் மைந்தர் நினைவுச் சவாரி" என்று கழுத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கும் கீழே நான்கு பெரியவர்களின் முகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்திருந்தார்கள். முதல் மூன்று பேருக்கும் நெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது. கடைசியாக வந்த அல்பிரட் வயிற்றில் அகப்பட்டுக்கொண்டார். அதே ரீசேட்டைத்தான் றஜிதாவும் போட்டிருந்தாள், அவளுக்கு அது பெரிதாகித் தகப்பன் கீழ்முனைவரை இறங்கியிருந்தார்.

பௌர்ணமிப் போயா விடுமுறை, காலை ஆறரை மணி. புத்தளம் களப்பு என்ற கடல் ஏரியின் கரையில் பதினொரு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு நின்றன. பன்னிரண்டாவதாக றஜிதாவின் ஸ்கூட்டி. மோட்டார் சைக்கிள் கழகத்தின் தலைவர் ரிப்கான். டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறவன், றஜிதாவைவிட நாலைந்து வயது மூத்தவன், எதையும் கமெரா முன்னால் செய்தால்தான் செய்ததாக நம்புகிறவன். கமெராவும், பறந்து படம் பிடிக்கும் ட்ரோனும் செயலாளர் ஹுனைஸின் முதுகுப் பையில் இருந்தன.

"டீச்சர், நீங்க நடுவுல வாங்க. முன்னுக்கும் பின்னுக்கும் நம்மட பொடியன்மார் ஈக்கிறாங்க. பயப்புட ஒண்டும் இல்ல," என்றான் ரிப்கான்.

பதினெட்டு வருடமாக ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்வந்து, மாட்டுக்கும் கழுதைக்கும் லொறிக்கும் தப்பி, பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள் அவள். அவளுக்குத்தான் பயப்பட வேண்டாம் என்று சொல்கிறான். "சரி நானா," என்று மட்டும், அண்ணன் முறை வைத்து, சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். காரியம் அவளுடையது.

காரியம் இதுதான். கற்பிட்டிப் பக்கம் முள்ளிமுனை என்ற, மீனவர் தங்கித் தொழில் செய்யும் வாடியில் அவள் தகப்பன் அல்பிரட்டுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அந்த வாடியின் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இருபது வருடம் தலைவராக இருந்தவர். அவர் கண்மூடி ஒன்பது வருடம். தூண் எழும்பி எட்டு வருடம். திறப்பு விழாவுக்குப் போய் நாலு பக்கத்தில் உரை வாசித்துவிட்டு வந்த றஜிதா, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சென்ற மாதம் இத்தாலியில் இருக்கிற மச்சாள் ஜெசிக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. யாரோ முகநூலில் போட்டதாம். தூணின் அடித்தளம் முழுக்கக் கருவாடு. பிளந்த கட்டா மீன் நூற்றுக்கணக்கில், வாயைப் பிளந்துகொண்டு, அவள் தகப்பனின் பெயர்ப் பலகையின் கழுத்துவரை. "மாமாட சமாதி மாதிரி இருக்கிற இடத்தில கருவாடு காயுது. உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா?" என்று கீழே கேட்டிருந்தாள்.

றஜிதாவுக்கு வெட்கம் வந்ததோ இல்லையோ, அருவருப்பு வந்தது. படத்துக்கு மணம் இல்லை என்பார்கள். அவளுக்கு மணத்தது. பத்து வயது வரைக்கும் அந்த மணத்துக்குள் தூங்கி எழும்பியவள். பதினோராவது வயதில் சிலாபத்தில் விடுதியில் சேர்ந்த முதல் கிழமையே பக்கத்துக் கட்டில் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறிப் போனாள். அன்றிலிருந்து "கருவாடு றஜிதா" என்ற பெயர் ஐந்து வருடம் ஒட்டிக்கொண்டது. சீருடையை இரண்டு தரம் தோய்த்தும், தலைக்கு ஷாம்பூவைக் கொட்டியும் பார்த்தாள், பெயர் போகவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு துண்டுக் கருவாடு அவள் வாய்க்குள் போனதில்லை. புருஷன் கெவினுக்கு ஆசை வந்தால் அவன் தன் அக்கா வீட்டில் போய்த்தான் சாப்பிட வேண்டும்.

அதனால் ஒரு மனு எழுதினாள். "எனது தந்தையாரின் நினைவிடம் அசுத்தப்படுத்தப்படுவதைத் தடுத்து, சுற்றுவேலி அமைத்துப் பூட்டிப் பாதுகாக்குமாறு" என்று சுத்தமான தமிழில் எழுதி, கையெழுத்து வைத்து, கழகத்திடம் கொடுத்தாள். பதினொரு நாளில் பதில் வந்துவிட்டது. அடுத்த தேர்தலில் நிற்கப்போகும் ஒரு பெரிய மனிதர் குழாய்க்கும் கம்பி வலைக்கும் காசு தருகிறாராம். கழகம் அதை ஒரு நாள் சவாரியாக்கிவிட்டது. மூன்று நினைவிடங்களைப் பார்த்துக்கொண்டு போய், நாலாவதில் வேலியைத் திறந்துவைப்பது. வேலியை மூடத்தானே முடியும், எப்படித் திறந்துவைப்பது என்று றஜிதா கேட்கவில்லை.

பாலாவிச் சந்தியில் திரும்பியதும் உப்பளங்கள் இரண்டு பக்கமும் விரிந்தன. வெயில் இன்னும் ஏறாத நேரம். பாத்திகளில் வானம் அப்படியே கிடந்தது. உப்புக் குவியல்களுக்குப் பக்கத்தில் கழுதைகள் கூட்டமாக நின்று, உலகத்தில் ஒரு வேலையும் இல்லாதது போலப் பார்த்தன. களப்புக் காற்று கையில் சில்லென்று பட்டது. நல்ல பாதைதான், நல்ல காலைதான். சொல்லப்போனால் அன்று முழுக்க அவளுக்குப் பிடித்திருந்தது ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் நடுவில் ஓடிய ரோட்டு மட்டும்தான்.

முதலாவது இடம் ஒரு பஸ் தரிப்பிடம். அரை நூற்றாண்டுக்கு முன் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த ஒரு அப்போதிக்கரியின் ஞாபகார்த்தம். உள்ளே வெற்றிலைச் சாறு மூன்று சுவரிலும் வழிந்து காய்ந்திருந்தது. ரியூசன் விளம்பரங்களும் தேர்தல் சுவரொட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாளம்பாளமாக ஒட்டியிருந்தன. கற்பலகையில் திறந்துவைத்தவரின் பெயர் கைவிரல் நீளத்துக்கு இருந்தது. மருந்து கொடுத்தவரின் பெயரைக் கண்டுபிடிக்க ஹுனைஸ் குந்தியிருந்து சுவரொட்டியை நகத்தால் சுரண்ட வேண்டி வந்தது. ஒரு மூலையில் யாரோ மூத்திரம் பெய்திருந்தார்கள். நோய்க்கு மருந்து கொடுத்த மனிதருக்கு நோய் பிடிக்கிற மாதிரி ஒரு நினைவிடம்.

"மாஷா அல்லாஹ், எப்படிப்பட்ட மனுசன்!" என்று கமெராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரிப்கான் ரோட்டில் காறித் துப்பினான்.

இரண்டாவது இடம் நுரைச்சோலை தாண்டி, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே. கடல் மணலில் சின்ன வெங்காயம் விளையும் என்று முதல்முதல் நட்டுக் காட்டிய ஒரு ஹாஜியாருக்கு, ஆளுயரத்தில் ஒரு சீமெந்து வெங்காயம். செதுக்கியவனுக்கு வெங்காயம் சரியாகப் பிடிபடவில்லை. வெள்ளைப்பூடாகவும் இருக்கலாம், பள்ளிவாசல் குவிமாடமாகவும் இருக்கலாம். அதைச் சுற்றி ஏழடி உயர இரும்பு வேலி. வேலிக்கு ஒரு கதவு, கதவில் ஒரு பூட்டு. பூட்டு துருப்பிடித்துக் கதவோடு ஒன்றாகிவிட்டிருந்தது.

"இந்த வேலி நம்மட கழகம் போட்டது டீச்சர். மூணு வருஷம். பாருங்க, ஒரு ஆடு உள்ளுக்குப் போவேலா."

ஆடு போகவில்லை, உண்மைதான். ஆனால் நெருஞ்சி போயிருந்தது, எருக்கலை போயிருந்தது, காற்று கொண்டுவந்த சொப்பிங் பைகளும் போத்தல்களும் இடுப்பளவுக்குப் போயிருந்தன. செத்த காகம் ஒன்று காலை மேலே நீட்டிக்கொண்டு வெங்காயத்தின் அடியில் கிடந்தது. உள்ளே போகவும் வழியில்லை, கூட்டித் துடைக்கவும் வழியில்லை. பூட்டைத் திறக்கும் திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துப் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த ஸும்ரா என்ற பெண், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"வேலி போட முந்தி நாங்க அந்தத் திட்டிலதான் குந்தியிருந்து வெங்காயம் கட்டுற. அப்ப கூட்டித் தண்ணி தெளிச்சி வச்சிருந்த. இப்ப ஆருக்குத் தேவ?" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அந்தப் பேச்சு றஜிதாவுக்குப் பிடிக்கவில்லை. செருப்புக்குள் போன கல்லைப் போல அது கூடவே வந்தது. வெங்காயம் வேறு, கருவாடு வேறு என்று ஸ்கூட்டியில் போய்க்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெங்காயத்துக்கு வாசம் இருக்கிறது, கருவாட்டுக்கு நாற்றம் இருக்கிறது. அவள் கேட்டது மரியாதையை, வேறொன்றையும் அல்ல.

மாம்புரிக்கு அப்பால் கடல் தெரியத் தொடங்கியது. தென்னைகளுக்கு மேலே காற்றாலைகள் நிதானமாகச் சுற்றின. ட்ரோன் தலைக்கு மேல் இலையான் மாதிரி இரைந்துகொண்டு வந்தது. படம் நன்றாக வரவில்லை என்று ஒரே வளைவை மூன்று தரம் ஓடவைத்தார்கள். மூன்றாவது தரம் ஓடும்போது, அப்பா உயிரோடு இருந்தால் இந்தக் கூட்டத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், அப்பா எதைப் பற்றியும் என்ன சொன்னார் என்று அவளுக்குப் பெரிதாகத் தெரியாது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் விளக்கடியில் குனிந்திருந்து மனு எழுதிக்கொண்டிருப்பார். "சங்க அலுவல் மகள்" என்பார். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள் அறைக்குப் போய்ப் படிப்பாள். திறப்பு விழா உரையில் "உரிமைக்காக ஓயாமல் எழுதிய பேனா" என்று வாசித்துக் கைதட்டு வாங்கினாள். அந்தப் பேனா என்னத்தை எழுதியது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

மூன்றாவது இடம் ஒரு கூத்து அண்ணாவியாரின் சிலை. கோயில் திருநாள்களில் விடிய விடிய ஊரைத் தூங்கவிடாமல் பாடியவர். சிலை முழுக்கப் பொலித்தீனால் சுற்றியிருந்தது. திறந்த அன்று காகம் எச்சமிடாதிருக்கச் சுற்றினார்களாம், பிறகு யாரும் கழற்றவில்லை. பொலித்தீனுக்குள் வியர்த்து வழிந்து, அண்ணாவியாரின் வாயிலும் கண்ணிலும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பாடுகிறவர் மூச்சுமுட்டிச் செத்துப்போன மாதிரி இருந்தார். இதையும் சுற்றிக் கம்பிவலை, இதற்கும் பூட்டு.

அந்தச் சிலையின் நிழலில்தான் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். றஜிதா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. தின்று முடித்த கோழி எலும்பையும் லஞ்ச் ஷீட்டையும் சுருட்டி, ஒருவன் கம்பிவலைக்கு மேலால் உள்ளே எறிந்தான். பிறகு எல்லோரும் எறிந்தார்கள். எறிந்துவிட்டுச் சிலையைப் பின்னால் விட்டு செல்ஃபி எடுத்தார்கள். நெஞ்சில் அண்ணாவியாரின் முகம், கையில் சோற்று நெய்.

"நானா, அங்க பூட்டினா திறப்பு ஆரிட்ட இருக்கும்?" என்று றஜிதா கேட்டாள்.

"என்னட்ட தான் டீச்சர். பத்திரமா ஈக்கும்."

"வெங்காயத்து வேலித் திறப்பும் உங்களிட்டத்தானே இருந்தது?"

ரிப்கான் சிரித்தான். கேள்வி கேட்டதாகவே அவனுக்குப் படவில்லை. பல்லிடுக்கில் அகப்பட்டதை நகத்தால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுண்டிவிட்டான். அந்தக் கையாலேயே அவள் மனுவை ஃபைலிலிருந்து எடுத்து, "இத அங்க கமெராவுக்கு முன்னால நீங்களே வாசிக்கணும். கண்ணீர் வந்தா இன்னும் நல்லம்," என்றான்.

கண்டக்குழி தாண்டியதும் தார் முடிந்து மணல் பாதை. முள்ளிமுனைக்கு அரை மைல் இருக்கும்போதே மணம் எதிர்கொண்டு வந்துவிட்டது. விடுதிக் காலத்துப் பழக்கம் விட்டுப்போகவில்லை, அவள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் போனவர்கள் கைலேஞ்சியால் மூக்கைக் கட்டினார்கள். ஒருவன் ஓங்கரித்தான். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் அறிவாள். விடுதியில் ஐந்து வருடம் கேட்ட சிரிப்பு.

லொறி காலையிலேயே வந்திருந்தது. குழாய்களும் வலைச் சுருளும் இறக்கிக் கிடந்தன. கூலிக்கு வந்த இரண்டு பேர் ஒரு பக்கத்தில் வேலிக் குழாய் நடக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். பெரிய மனிதர் மூன்று மணிக்கு வருவதால், அதற்குள் இடத்தைச் சுத்தப்படுத்தச் சொல்லி உத்தரவாம். சுத்தப்படுத்திவிட்டிருந்தார்கள். அடித்தளத்தில் காய்ந்துகொண்டிருந்த மீன் அவ்வளவும் மண்வெட்டியால் வாரி மணலில் கொட்டப்பட்டுக் குவியலாகக் கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள்.

ஒருத்தி மக்தலேனா. ஐம்பது வயது இருக்கும், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு நின்றாள். "கைகாலில புழுப் புடிச்சுப் போவியளடா! ஆரைக் கேட்டுக் கொட்டினீங்கள்? இன்னும் ரெண்டு நாளில அள்ள இருந்த மீன்!" மற்றவள் மைமூனா. அறுபதைத் தாண்டியவள், முந்தானையைத் தலையில் இழுத்துச் செருகிக்கொண்டு, குவியலுக்குள்ளிருந்து மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.

றஜிதா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் பார்த்தது மீனை அல்ல, தளத்தை. முப்பதடிக்கு இருபதடி, நீள்சதுரமாக, தரையிலிருந்து ஒரு முழ உயரம். கடல் பக்கத்து ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டைத் தூண். அன்று பார்த்த நான்கில் இது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. வெற்றிலைச் சாறு இல்லை, சுவரொட்டி இல்லை, ஒரு புல் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்துச் சீமெந்து வெள்ளையாக மினுங்கியது. பெயர்ப் பலகையின் ஒவ்வோர் எழுத்தும் நேற்று வெட்டியது போல இருந்தது. யாரோ தினமும் துடைக்கிறார்கள்.

"என்னத்துக்குச் சத்தம் போடுறீங்க?" என்று ரிப்கான் மூக்கைப் பொத்தியபடி முன்னால் வந்தான். "இது நம்மட முடிவு இல்ல. மௌத்தானவர்ட மகளே மனுப் போட்டுக் கேட்டது. இந்தா கையெழுத்து. இந்தா டீச்சரும் வந்து நிக்கிறாங்க."

மைமூனா கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு றஜிதாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அல்பிரட் அண்ணன்ட மகளா? மனு போட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எத்தின நாளையில பதில் வந்திச்சி மகள்?"

"பதினொரு நாள்," என்றாள் றஜிதா.

மைமூனா சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு அல்ல, களைத்துப்போன சிரிப்பு. "உங்கட வாப்பா பதினேழு மனு எழுதினாரு. பதினாறு வருஷம். ஒண்டுக்கும் பதில் இல்ல."

"என்னத்துக்கு எழுதினவர்?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று அவளுக்கே உறைத்தது. பதினொரு ஆண்களும் இரண்டு கூலிக்காரரும் ஒரு கமெராவும் சுற்றி நிற்க, தகப்பன் ஆயுள் முழுக்க என்னத்தைக் கேட்டார் என்று மகள் கேட்கிறாள். மக்தலேனாவுக்கும் அது பொறுக்கவில்லை.

"தெரியாதா? மகளுக்குத் தெரியாதா? இதுக்குத்தான்!" என்று கையிலிருந்த மீனால் தளத்தை அடித்துக் காட்டினாள். "சீமெந்துத் தளம்! கருவாடு காயப்போட ஒரு சீமெந்துத் தளம்! மணலில போட்டா மீனில மண் புடிக்கும். கொழும்பு யாவாரி ஓரத்தைக் கடிச்சுப் பார்ப்பான். பல்லில மண் நறுக்கெண்டா அரை விலை. பொம்பிளையள் நாங்கள் நாய் மாதிரி உழைச்சு, மண்ணைக் காட்டி அரை விலை. அதுக்குத்தான் அந்த மனுசன் எழுதி எழுதித் தேஞ்சது. ஒதுக்கீடு இல்லை, ஒதுக்கீடு இல்லை எண்டு எல்லாக் கந்தோரும் கையை விரிச்சது."

"ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தம், நானும் இவளும்," என்றாள் மைமூனா. "தொண்ணூறுல எங்கட முஸ்லிம் ஆக்கள எல்லாம் வெரட்டினப்ப மன்னாரில இருந்து உடுத்த உடுப்போட வந்து இறங்கின எங்களையும் இந்த வாடியில வேலைக்குச் சேர்த்தவரு. அவருக்குக் கதைக்கவே ஏலாது அப்ப. சிரிச்சிட்டுச் சொன்னாரு, 'தங்கச்சி, கருவாட்டுக்குக் காசு தர மாட்டாங்கள். நான் செத்தா எனக்கு ஒரு கல்லு வைக்கக் காசு தருவாங்கள். கல்லைச் சின்னனா வைக்கச் சொல்லு. அடியை அகலமாக் கட்டச் சொல்லு.' அப்படியே நடந்திச்சி. மௌத்தாகி மூணு மாசத்தில காசு வந்திச்சி. பதினஞ்சடித் தூண் எண்டுதான் வந்த கணக்கு. மேசன் கில்பட்டுக்குச் சொல்லி, தூணை வெட்டி அந்தச் சீமெந்தையெல்லாம் அடியில போட்டம். காசு தந்த ஆள் வந்து ஏன் கட்டையா இருக்குதெண்டு கேட்டதுக்கு, உசரமா நிண்டாக் கடல் காத்துக்கு விழுந்திரும் எண்டு கில்பட் சொன்னான்."

றஜிதாவுக்கு நினைவு வந்தது. திறப்பு விழா அன்று அவளும் அதைத்தான் கேட்டாள். அப்பாவுக்கு ஏன் இவ்வளவு கட்டைத் தூண், மற்ற ஊர்களில் எவ்வளவு உயரமாக வைக்கிறார்கள் என்று முகம் சுளித்தாள். அப்போது இந்தப் பெண்கள் பின்வரிசையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தன் கடைசிச் சூழ்ச்சியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொன்னார். மகளுக்குச் சொல்லவில்லை. மகள் மூக்கைச் சுளிப்பாள் என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து வெற்றிலைச் சாறு, செத்த காகம், பூஞ்சணம், கோழி எலும்பு என்று எத்தனையோ அவளைக் குமட்டவைத்தன. தன்னையே நினைத்து வந்த இந்தக் குமட்டலுக்கு முன்னால் அவை ஒன்றுமே இல்லை.

"சரி, சரி, நேரம் போகுது," என்றான் ரிப்கான். லொறிக்காரன் ஒரு கற்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து தூணில் சாத்தினான். வேலிக் கதவில் பதிக்க வேண்டியது. வேலியைத் திறந்துவைத்தவர் என்று பெரிய மனிதரின் பெயர் கைவிரல் நீளத்துக்கு. அதன்கீழ் கழகத்தின் பெயர், அதன்கீழ் ரிப்கானின் பெயர், ஆகக் கடைசியில் எறும்பு ஊர்ந்தது போல "அமரர் அல்பிரட்". பலகை சரியாக அப்பாவின் பெயரை மறைத்துக்கொண்டு நின்றது.

ஹுனைஸ் கமெராவைத் தூக்கினான். ரிப்கான் மனுவை அவள் கையில் கொடுத்தான். "வாசிங்க டீச்சர்."

றஜிதா வாசிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இந்த மனுவை நான் திரும்ப எடுக்கிறன். வேலி வேண்டாம். குழாயை ஏத்துங்கோ. இந்தப் பலகையையும் எடுங்கோ, அப்பாட பேர் தெரியேல்ல."

"என்ன டீச்சர் வெளையாடுறீங்களா? நீங்க கேட்டுத்தானே இவ்வளவும் செஞ்ச! அவர் வழியில வந்துக்கிட்டு ஈக்கிறாரு!"

"ஓம், நான்தான் கேட்டது. நான் கேட்டது பிழை. நல்லாப் படம் எடுங்கோ தம்பி, அல்பிரட்டின்ட மகள் கேட்டது பிழை எண்டு போடுங்கோ."

ரிப்கானின் முகம் சிவந்தது. "இந்த நாத்தத்துக்குள்ளயா உங்கட வாப்பாட பேர விட்டுட்டுப் போகப் போறீங்க?"

"இந்த நாத்தத்துக்குத்தான் அவர் பதினேழு தரம் எழுதினவர் நானா," என்றாள். குரலில் இருந்தது அழுகை அல்ல, ஆத்திரம், அதுவும் பெரும்பகுதி அவள்மேலேயே. "வேலி போடுறதெண்டா இதில நான் இருக்கிறன், என்னையும் சேர்த்துப் போட்டுப் பூட்டுங்கோ." சப்பாத்தைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, ஏறித் தளத்தின் நடுவில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். உச்சி வெயிலில் சீமெந்து சுட்டது. அவள் அசையவில்லை. பக்கத்தில் மக்தலேனாவும் ஏறிக் குந்திக்கொண்டாள்.

அரை மணி நேரம் கதை நடந்தது. ரிப்கான் கெஞ்சினான், வெருட்டினான், போன் எடுத்துப் பெரிய மனிதரிடம் "கொஞ்சம் பிரச்சினை" என்று குழைந்தான். பெரிய மனிதர் கெட்டிக்காரர், பிரச்சினை இருக்கிற இடத்துக்கு வராமல் பாலாவியிலேயே திரும்பிவிட்டார். குழாய்கள் ஏறின, பலகை ஏறியது. கிடங்கு வெட்டியவர்களே அதை மூடிவிட்டுப் போனார்கள். "வீடியோவுல இந்தப் பகுதிய வெட்டிருவம்," என்று ரிப்கான் கடைசியாக ஹுனைஸிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. மோட்டார் சைக்கிள்கள் மணலை வாரி இறைத்துக்கொண்டு போய்விட்டன. ரீசேட்டில் மண்ணின் மைந்தர்கள் இன்னும் நான்கு பேர். வீடியோவில் மூன்று பேர்தான்.

தூசி அடங்கியதும் றஜிதா இறங்கிக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மணம் முகத்தில் அடித்தது. நல்ல மணமாக மாறிவிடவில்லை, எப்போதும் போல நாறத்தான் செய்தது. "திரும்பப் பரப்புவம், நானும் வாறன்," என்றாள்.

மைமூனா தலையை ஆட்டினாள். "பரப்பலாம். ஆனா இது போச்சி மகள். பாதி காஞ்ச மீன், ஈரத்தில மண் புடிச்சிட்டு."

"கழுவ ஏலாதா?"

"கழுவினா உப்புப் போயிரும், புழு வைக்கும்."

"அப்பிடி எவ்வளவு மண் இருக்கப் போகுது?"

மைமூனா குவியலிலிருந்து ஒரு கட்டாவை எடுத்துத் தொடையில் இரண்டு தரம் அடித்து உதறி அவளிடம் நீட்டினாள். "கடிச்சுப் பாருங்களேன். யாவாரி அப்படித்தான் பாக்கிறவன்."

றஜிதா அதை வாங்கினாள். பிசுபிசுத்தது. ஓரத்தில் ஓர் இலையான் மொய்த்தது, ஊதிவிட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் வாயில் வைக்காததை வாயருகே கொண்டு போகும்போது உடம்பெல்லாம் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைக் கடித்தாள். முதலில் உப்பு. பிறகு கடைவாய்ப் பல்லில் மண் நறுக்கென்று அரைபட்டது. தலைக்குள் கேட்கிற சத்தம்.

துப்புவாள் என்று மக்தலேனா பார்த்துக்கொண்டு நின்றாள். றஜிதா துப்பவில்லை. மென்று, மண்ணோடு சேர்த்து விழுங்கிவிட்டு, ரீசேட் முனையால் வாயைத் துடைத்தாள். அந்த முனையில்தான் அப்பாவின் முகம் இருந்தது.

"கூடையைத் தாங்கோ அக்கா," என்றாள்.